கூட்டிணைப்பில் பொதுவும் அந்தரங்கமும்

இணையம் என்னும் சொல் கூட்டுறவாளர்களுக்குப் புதியதன்று. ஆரம்பச் சங்கங்கள் பல ஒன்றுகூடித் தமக்கென ஒரு தலைமை ஸ்தாபனத்தை அமைத்துக்கொள்ளும்பொழுது அதனை இணையம் என்று வழங்குவது நம் மரபு. தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் என்ற பெயரே இதற்குச் சான்றாகும். உலகெங்கும் பரவிக் கிடக்கும் கணினிகளைப் பிணைக்கும் வலையமைப்புக்கும் தமிழில் அதே சொல் அமைந்துவிட்டது. இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. தனித்தனி ஸ்தாபனங்கள் தத்தம் கணினிகளைத் தாமே நிர்வகித்துக்கொண்டு, பொதுவான விதிகளின்படி ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் முறையே அது. அதனைக் கூட்டிணைப்பு முறை எனலாம். அம்முறையில் எவர் எதைக் காணலாம் என்ற கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கத்தின் கடிதப் போக்குவரத்தும், கூலிக் கணக்கும், நிர்வாகக் குழுவின் ஆலோசனையும் கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நடைபெறும் காலம் இது. இவற்றுள் சில ஊரார் அனைவரும் காணத்தக்கவை. சில அங்கத்தினர் மட்டும் அறியத்தக்கவை. சிலவோ தலைவரும் காரியதரிசியும் மட்டுமே கையாள வேண்டியவை. இந்த வரம்பைக் குறிப்பதற்கான பொத்தான்கள் திரையில் உள்ளன. ஆனால் அப்பொத்தான்களின் மெய்யான வலிமை எவ்வளவு என்பதை அறியாமல் அவற்றை நம்பினால், தீபாவளி விற்பனைக்கென நெசவாளர் சங்கம் வகுத்த புதிய கரையும் முந்தானையும் பண்டிகைக்கு முன்பே பிறர் தறியில் ஏறிவிடக் கூடும். ஏலத்திற்கு முன் மஞ்சள் பயிரிடுவோர் தமக்குள் நிர்ணயித்த குறைந்தபட்ச விலை வியாபாரியின் காதுக்கு எட்டிவிடக் கூடும். கடன் தவணை தவறிய அங்கத்தினர் ஒருவரின் பெயர் தெருவில் பேசப்படும் நிலையும் நேரலாம். ஆகவே இவ்விஷயம் கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கத்தக்கதன்று.

கூட்டிணைப்பு முறை யாது?

இணையத்தில் செய்திகளைப் பெற்று, சேமித்து, அனுப்பும் கணினியைச் சேவையகம் என்கிறோம். சர்வர் என்று பேச்சில் வழங்குவதும் இதுவே. ஃபேஸ்புக் போன்ற தளங்களில் கோடிக்கணக்கானோர் எழுதுவன யாவும் ஒரே நிறுவனத்தின் சேவையகங்களில் தங்குகின்றன. அங்கே சட்டம் வகுப்பதும் கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்த ஒரு நிறுவனமே. இது மத்திய முறை.

கூட்டிணைப்பு முறைக்கு யாவரும் அறிந்த உதாரணம் மின்னஞ்சல். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியில் உள்ளவருக்குக் கடிதம் அனுப்பும் முறையை அமைத்தார். பெறுபவரின் பெயரையும் அவருடைய கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட இன்று நாம் காணும் சுழிக்குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. சேவையகங்கள் ஒன்றுக்கொன்று அஞ்சலைக் கைமாற்றும் விதிகள் 1982-ல் வெளியிடப்பட்டன. அவ்விதிகளைப் பின்பற்றும் எந்தச் சேவையகமும் மற்றெந்தச் சேவையகத்திற்கும் அஞ்சல் அனுப்பலாம். அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டைக் கடிதத்தோடு நில்லாமல் உரையாடலுக்கும், பொது அறிவிப்புக்கும், ஒரே ஆவணத்தைப் பலர் கூடித் திருத்துவதற்கும் விரிக்கும் முயற்சிகள் பின்னர்த் தோன்றின. 2009-ல் கூகுள் நிறுவனம் அறிவித்த வேவ் என்னும் அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. அது நிலைக்கவில்லை, அந்நிறுவனம் 2012-ல் அதனை மூடிவிட்டது. 2014-ல் மேட்ரிக்ஸ் என்னும் உரையாடல் முறை தொடங்கப்பட்டது. 2016-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோஹ்கோ மாஸ்டடான் என்னும் பொது உரையாடல் மென்பொருளை வெளியிட்டார். அதே ஆண்டில் கோப்புகளைச் சேமிக்கவும் பகிரவும் உதவும் நெக்ஸ்ட்கிளவுட் தோன்றியது. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஆக்டிவிட்டிபப் என்னும் விதித் தொகுப்பை அங்கீகரித்தது. மாஸ்டடானும் அதனைப் போன்ற பல அமைப்புகளும் இன்று அவ்விதிகளின் வழியே தமக்குள் பேசிக்கொள்கின்றன.

இம்முறையின் நன்மை கூட்டுறவாளர்களுக்கு எளிதில் விளங்கும். ஆரம்பச் சங்கம் தன் துணை விதிகளைத் தானே கையாளுகிறது. தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஆயினும் தலைமைச் சங்கத்தோடும் பிற சங்கங்களோடும் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. அவ்வாறே கூட்டிணைப்பில் ஒவ்வொரு சேவையகமும் தன் வீட்டில் தானே எஜமானன். இந்தச் சுதந்திரமே அந்தரங்கத்தைப் பற்றிய சிக்கலுக்கும் காரணமாகிறது. என் வீட்டில் நான் எஜமானன் என்றால், அடுத்த வீட்டில் அடுத்தவரே எஜமானர் அன்றோ?

உறையின் மேல் எழுதும் விலாசம்

ஒருவர் தம் சேவையகத்தில் ஒரு செய்தியை எழுதி, மற்றொரு சேவையகத்தில் உள்ள நண்பருக்கு அது தெரிய வேண்டுமென்று விரும்பினால், அச்செய்தியின் பிரதி ஒன்று அந்தச் சேவையகத்திற்குச் சென்று அங்கே தங்குகிறது. பத்துச் சேவையகங்களில் நண்பர்கள் இருப்பின் பத்துப் பிரதிகள் உண்டாகின்றன. மூலம் நம்மிடம் இருந்தாலும் பிரதிகள் நம் ஆட்சிக்கு அப்பால் உள்ளன.

அப்படியாயின் 'பொது', 'தனி' என்று நாம் தேர்ந்தெடுப்பதன் பொருள் என்ன? ஆக்டிவிட்டிபப் முறையில் அது உறையின் மேல் எழுதும் விலாசத்தைப் போன்றது. ஒவ்வொரு செய்திக்கும் 'பெறுநர்' என ஒரு வரியும், 'நகல் பெறுநர்' என ஒரு வரியும் உண்டு. 'பொதுமக்கள்' என்ற ஒரு சிறப்பு விலாசத்தை முதல் வரியில் இட்டால் மாஸ்டடானில் அது முழுப் பொதுச் செய்தி. அதையே இரண்டாம் வரியில் இட்டால், எவரும் காணலாம், ஆனால் பொதுப் பலகையில் ஒட்டப்படாது என்று பொருள். அவ்விலாசமே இல்லையெனில் குறிப்பிட்டவர்கள் மட்டும் காணத்தக்கது. வேவ் அமைப்பிலும் ஓர் உரையாடலை உலகறியத் திறப்பதற்கு, 'பொது' என்ற பெயருடைய ஒரு கற்பனை ஆளைப் பங்கேற்போர் பட்டியலில் சேர்ப்பதே வழியாக இருந்தது.

விலாசம் எழுதுவது அனுப்புவோர் கையில் உள்ளது. உறை போய்ச் சேர்ந்த இடத்தில், விலாசத்தைப் படித்து உரியவரிடம் மட்டும் கொடுப்பது பெறும் சேவையகத்தின் பொறுப்பு. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை யாவும் தெளிவாகும். கூட்டிணைப்பில் பார்வை வரம்பு என்பது நம் சேவையகத்தின் எல்லைக்குள் ஒரு கட்டளை. எல்லை கடந்தபின் அது ஒரு வேண்டுகோள்.

மாஸ்டடானின் நான்கு படிகள்

மாஸ்டடானில் ஒவ்வொரு செய்திக்கும் நான்கு வகைப் பார்வை வரம்புகள் உள்ளன. முதலாவது பொது. எவரும் காணலாம், பொது வரிசைகளிலும் தோன்றும். இரண்டாவது அமைதியான பொது. வரிசைகளில் முன்வைக்கப்படாது, ஆனால் நம் பக்கத்திற்கு வருவோர் அனைவரும் படிக்கலாம். இதனை அந்தரங்கம் என்று எண்ணுவது தவறு. கடைத்தெருவில் கூவி விற்காத சரக்கு, ஆனால் கடைக்குள் வந்தோர் யாவரும் பார்க்கக் கூடிய சரக்கு என்று இதனைக் கொள்ளலாம்.

மூன்றாவது, பின்தொடர்வோர் மட்டும் காணும் செய்தி. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒருவரைப் பின்தொடர எவர் விண்ணப்பித்தாலும் இயல்பாகவே சேர்த்துக்கொள்ளப்படுகிறார். விண்ணப்பங்களைத் தாமே பார்த்து அனுமதிக்கும் ஏற்பாட்டைக் கணக்குக்கு உரியவர் செய்துகொண்டால் ஒழிய, இவ்வரம்பு பெயரளவிலேயே இருக்கும். அங்கத்தினர் மட்டும் நுழையலாம் என்று பலகை மாட்டிவிட்டு, வாசலில் வந்தவருக்கெல்லாம் அங்கத்தினர் சீட்டு வழங்குவதற்கு இது ஒப்பாகும்.

நான்காவது, செய்தியில் பெயர் குறிக்கப்பட்டோர் மட்டும் காண்பது. இதிலும் ஓர் அபாயம் உள்ளது. இருவர் அந்தரங்கமாக எழுதிக்கொள்ளும்பொழுது மூன்றாமவரைப் பற்றிய பேச்சில் அவருடைய முழு விலாசத்தையும் எழுதிவிட்டால், அச்செய்தி அந்த மூன்றாமவருக்கும் போய்விடும். மேலும், இவ்வகைச் செய்திகள் பூட்டிய உறைகள் அல்ல. இரு முனைகளிலும் உள்ள சேவையகங்களின் நிர்வாகிகள் விரும்பினால் அவற்றைப் படிக்கும் தொழில்நுட்ப வசதி அவர்களுக்கு உண்டு. கடவுச்சொல்லையோ வங்கிக் கணக்கெண்ணையோ இவ்வழியில் அனுப்பலாகாது.

அறையும் அதன் பழைய ஏடும்

மேட்ரிக்ஸ் முறையில் உரையாடல்கள் 'அறை'களில் நடைபெறுகின்றன. ஓர் அறையில் பல சேவையகங்களைச் சேர்ந்தோர் இருப்பின், அந்த அறையின் ஏடு அத்தனை சேவையகங்களிலும் பிரதியாகிறது. எந்த ஒன்றும் அதன் தனி உடைமையாளர் அன்று. இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். அறைக்குள் எவர் வரலாம் என்பது ஒன்று. வந்தவர் எந்த நாள் முதலான பேச்சைப் படிக்கலாம் என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு, எவரும் வரலாம், அழைக்கப்பட்டோர் மட்டும் வரலாம், கதவைத் தட்டி அனுமதி கேட்கலாம், குறிப்பிட்ட மற்றோர் அறையின் அங்கத்தினர் வரலாம் எனப் பல விடைகள் உள்ளன. இரண்டாம் கேள்விக்கு நான்கு விடைகள் உண்டு. அறைக்குள் வராதவரும் பழைய பேச்சைப் படிக்கலாம் என்பது முதல் விடை. வந்தவர் தாம் வருவதற்கு முன் நடந்தவற்றையும் படிக்கலாம் என்பது இரண்டாவது. அழைப்பு விடுத்த நேரம் முதல் படிக்கலாம் என்பது மூன்றாவது. உள்ளே வந்த நேரம் முதல் மட்டுமே படிக்கலாம் என்பது நான்காவது.

இந்த இரண்டாம் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஓர் உதாரணம் காண்போம். நிர்வாகக் குழுவினர் ஐவர் ஓர் அறையில் ஆறு மாத காலம் ஊழியர் நியமனத்தையும் நூல் கொள்முதலையும் பற்றி விவாதித்துள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது ஆளாக நூல் விற்பனையாளரின் பிரதிநிதியை ஒரு நாள் விலை பேசுவதற்காக அதே அறைக்கு அழைக்கின்றனர். முன்பேச்சையும் படிக்கலாம் என்ற விதி அங்கே இருக்குமாயின், சங்கம் எவ்வளவு விலை வரை இறங்கி வரத் தயாராக இருந்தது என்பதை அவர் ஒரு நாழிகையில் அறிந்துகொள்வார். பிறகு விதியை மாற்றுவதாலும் பயனில்லை. மாற்றிய விதி அதற்குப் பின் எழுதப்படும் செய்திகளுக்கே பொருந்தும். முன்னர் எழுதப்பட்டவை முன்னைய விதியின்படியே நிற்கும். வெளியாரோடு பேசுவதற்குப் புதிய அறை ஒன்றைத் திறப்பதே முறையாகும்.

கோப்புகளைப் பகிர்தல்

நெக்ஸ்ட்கிளவுட் போன்ற அமைப்பில் கணக்குப் பட்டியலையோ வடிவமைப்புப் படத்தையோ பிறருடன் பகிர்வதற்கு இரண்டு வழிகள் முக்கியமானவை. பெயர் குறித்துப் பகிர்தல் ஒன்று. இணைப்பு முகவரி ஒன்றை உண்டாக்கி அனுப்புதல் மற்றொன்று. பெயர் குறித்துப் பகிரும்பொழுது, வேறொரு சேவையகத்தில் உள்ளவருக்கும் அவருடைய முழு விலாசத்தைக் கொண்டு அனுமதி தரலாம். கோப்பு நம் சேவையகத்திலேயே இருக்கும். அவர் அங்கிருந்தபடி அதனைத் திறந்து பார்ப்பார். அனுமதியைத் திரும்பப் பெற்றால் அவருக்கு வழி அடைபடும். இதற்கிடையில் அவர் ஒரு பிரதி எடுத்துவைத்திருந்தால் அதனை நாம் மீட்க இயலாது என்பது வெளிப்படை.

இணைப்பு முகவரியோ சாவியைப் போன்றது. சாவி வைத்திருப்பவர் யார் என்று பூட்டு கேட்பதில்லை. அம்முகவரி ஒரு குழுச் செய்தியில் இடப்பட்டு, அங்கிருந்து வேறொரு குழுவுக்குச் சென்றால், காண்போர் தொகை எத்தனை என்று எவராலும் கூற முடியாது. ஆகவே இணைப்பு முகவரி தருவது அவசியமெனில் அதற்குக் கடவுச்சொல் ஒன்றும், காலாவதி நாள் ஒன்றும் இட வேண்டும். திருத்தும் உரிமை வேண்டாதவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் தர வேண்டும். இம்மூன்று வசதிகளும் அவ்வமைப்பிலேயே உள்ளன.

இரண்டு படிப்பினைகள்

பிரெஞ்சு அரசாங்கம் தன் ஊழியர்களுக்கென மேட்ரிக்ஸ் முறையில் அமைந்த ட்சாப் என்னும் உரையாடல் செயலியை 2019 ஏப்ரலில் வெளியிட்டது. அரசாங்க மின்னஞ்சல் விலாசம் உடையோர் மட்டுமே அதில் கணக்குத் தொடங்கலாம் என்பது விதி. வெளியான உடனேயே பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருவர், தம் சொந்த விலாசத்தையும் குடியரசுத் தலைவர் மாளிகையின் விலாசம் ஒன்றையும் ஒட்டி எழுதி அதில் கணக்குத் தொடங்கிவிட்டார். வாசற்காவலன் விலாசத்தின் ஒரு பகுதியைப் பார்த்து அரசாங்க ஊழியர் என்று கொண்டான். உறுதிக் கடிதமோ மற்றொரு பகுதியில் இருந்த ஆராய்ச்சியாளரின் சொந்த விலாசத்திற்கே சென்றது. அவர் தாம் கண்டதைத் தெரிவித்தார். குறை விரைவில் திருத்தப்பட்டது. அழைப்பின் பேரில் மட்டும் நுழையக் கூடிய அறைகள் அவருக்குத் திறக்கவில்லை. 'பொது' அறைகள் திறந்தன. ஊழியர்களுக்குள் பொது என்று எண்ணித் திறக்கப்பட்ட அறைகள், வெளிவாசல் பழுதானபொழுது வெளியாருக்கும் பொதுவாயின. பொது என்னும் சொல்லின் அளவு வெளிவாசலின் வலிமையைப் பொறுத்தது என்பதே இதன் படிப்பினை.

இரண்டாவது, 2025 மார்ச்சில் வெளிப்பட்டது. பிக்சல்ஃபெட் என்பது படங்களைப் பகிர்வதற்கான கூட்டிணைப்பு மென்பொருள், மாஸ்டடானோடும் பேசவல்லது. மாஸ்டடானில் ஒருவர் பின்தொடர்வோருக்கு மட்டும் என எழுதுவது, பின்தொடர்வோர் இருக்கும் ஒவ்வொரு சேவையகத்திற்கும் அனுப்பப்படுகிறது. அங்குள்ளோரில் எவர் அனுமதி பெற்றவர் என்று பார்த்துக் காட்டுவது அந்தச் சேவையகத்தின் கடமை. பிக்சல்ஃபெட்டின் முந்தைய பதிப்புகளில் இருந்த பிழையினால், கணக்குக்கு உரியவர் சம்மதம் தெரிவிக்கும் முன்பே, விண்ணப்பித்தவர் பின்தொடர்பவராகக் கருதப்பட்டார். அதே சேவையகத்தில் மெய்யான பின்தொடர்பவர் ஒருவர் இருந்து, அவர்பொருட்டுச் செய்திகள் அங்கே வந்திருந்தால், அனுமதி பெறாதவரும் அவற்றைப் படிக்க இயன்றது. 0.12.5 என்னும் பதிப்பில் அப்பிழை நீக்கப்பட்டது.

இங்கே கருத வேண்டியது யாதெனில், எழுதியவர் தம் சேவையகத்தில் செய்ய வேண்டிய அனைத்தையும் சரியாகச் செய்திருந்தார். அவர் மென்பொருளில் குறையில்லை. நிர்வாகியின் கவனத்திலும் குறையில்லை. பழுது அடுத்த வீட்டில் இருந்தது. கூட்டிணைப்பில் நம் அந்தரங்கத்தின் பலம், நம் செய்தி சென்று சேரும் வீடுகளுள் மிகவும் பலவீனமான வீட்டின் பலமே ஆகும்.

அழித்தல் என்னும் வேண்டுகோள்

தவறுதலாக வெளியிட்டதை அழித்துவிடலாமே என்று சிலர் கேட்பர். அழிக்கும் பொத்தானை அழுத்தினால் நம் சேவையகத்தில் அச்செய்தி நீங்கும். பிரதிகள் உள்ள ஏனைய சேவையகங்களுக்கு 'இதனை நீக்குக' என்னும் அறிவிப்புச் செல்லும். ஒழுங்காக நடைபெறும் சேவையகங்கள் அவ்வாறே நீக்கிவிடும். ஒரு சேவையகம் அச்சமயம் இயங்காமல் இருந்தாலோ, நம்மோடு தொடர்பை அறுத்துக்கொண்டிருந்தாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ பிரதி அங்கேயே தங்கும். அதற்குள் எவரேனும் திரையைப் படமெடுத்திருந்தால் அதனைத் தடுக்க எந்த விதியாலும் இயலாது. மின்னஞ்சலிலோ நீக்குமாறு கோரும் பொது ஏற்பாடே இல்லை. அனுப்பிய துணியைத் திருப்பி அனுப்பும்படி கடிதம் எழுதலாம். அதற்குள் விற்றுப்போன துணி திரும்பாது.

பூட்டு எங்கே உள்ளது?

இவ்வளவும் கூறியதால் கூட்டிணைப்பில் அந்தரங்கமே இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. மெய்யான பூட்டு ஒன்று உண்டு. முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்பது அதன் பெயர். அனுப்புவோரின் கருவியில் செய்தி மறைமொழியாக மாற்றப்பட்டு, பெறுவோரின் கருவியில் மட்டுமே மீண்டும் எளிய மொழியாகிறது. இடையில் உள்ள சேவையகங்கள் பூட்டிய பெட்டியைச் சுமக்கும் வண்டிகளே. திறக்கும் சாவி அவற்றிடம் இல்லை. மேட்ரிக்ஸ் முறையின் முதன்மையான செயலி, 2020 மே மாதம் முதல் புதிதாகத் தொடங்கும் தனி அறைகளில் இதனை இயல்பான ஏற்பாடாக்கியது. ஓர் அறையில் ஒருமுறை இதனை ஏற்படுத்தினால் பின்னர் நீக்க முடியாது என்பதும் விதி.

இப்பூட்டுக்கும் எல்லைகள் உண்டு. பேச்சின் உள்ளடக்கம் மறையுமே தவிர, அறையின் பெயரும், எவரெவர் அங்கே உள்ளனர் என்பதும், எப்பொழுது பேசினர் என்பதும் பொதுவாகச் சேவையகங்களுக்குத் தெரியும். 'தவணை தவறியோர் விஷயம்' என்று ஓர் அறைக்குப் பெயரிட்டால் பெட்டியின் மேலேயே சரக்கின் பெயரை எழுதியது போலாகும். எவரும் நுழையக் கூடிய பொது அறைக்குப் பூட்டு இடுவதும் வீண். சாவியையே வந்தவர்க்கெல்லாம் கொடுக்கிறோம் அன்றோ? கைப்பேசி தொலைந்து, சாவிகளின் மாற்றுப் பிரதியும் வைக்கப்படவில்லையெனில் பழைய பேச்சுகளைச் சங்கமே படிக்க இயலாமல் போகலாம். ஆகவே கணக்கு ஆவணங்களை இத்தகைய உரையாடலில் மட்டும் விட்டுவைத்தல் தகாது.

மறைகுறியாக்கம் இல்லாத இடங்களில் சேவையகத்தின் நிர்வாகியையே நம்ப வேண்டியுள்ளது. எனவே சேவையகம் எவருடையது என்ற கேள்வி எழுகிறது. கூட்டுறவாளர்கள் இதற்கும் ஒரு விடை கண்டுள்ளனர். 2017 முதல் நடைபெற்றுவரும் சோஷியல்.கோஆப் என்னும் மாஸ்டடான் சேவையகத்திற்கு அதனை உபயோகிப்போரே உடைமையாளர்கள். அவர்கள் தத்தம் சக்திக்கேற்பச் சந்தா செலுத்துகின்றனர். நிர்வாகக் கொள்கைகளைத் தமக்குள் விவாதித்து வாக்களித்து முடிவு செய்கின்றனர். தொழில்நுட்பத்தினால் நிர்வாகிக்குக் கிடைத்த அதிகாரம், அங்கத்தினர் கூட்டத்திற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அதிகாரமாக அங்கே மாறியுள்ளது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, எது பொது, எது தனி என்பதைத் திரையில் பொத்தானை அழுத்தும் ஊழியரிடம் விட்டுவிடாமல், நிர்வாகக் குழு தீர்மானமாகவே நிறைவேற்றி வைத்தல் வேண்டும். விவரங்களை மூன்று வகையாகப் பிரிப்பது எளிது. பொதுச் சபை அறிவிப்பு, ஆண்டு ஐந்தொகை, தணிக்கை அறிக்கையின் சாரம், விற்பனைக்கு வந்த துணிகளின் விலைப் பட்டியல் போன்றவை முதல் வகை. இவற்றைப் பொதுவாக வெளியிடலாம். நெசவுக் கூலி விகிதம், கொள்முதல் ஆலோசனை, இன்னும் விற்பனைக்கு வராத வடிவங்கள் போன்றவை இரண்டாம் வகை. இவை அங்கத்தினருக்கோ குழுவினருக்கோ மட்டும் உரியவை. அழைப்பின் பேரில் நுழையும் பூட்டிய அறைகளில் நடைபெறத்தக்கவை. தனிப்பட்ட அங்கத்தினரின் கடன் நிலுவை, ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் போன்றவை மூன்றாம் வகை. இவை சங்கத்தின் சொந்தக் கணினியை விட்டு, இன்னாருக்கு இன்ன காரியத்திற்காக என்ற குறிப்பும் பூட்டும் இல்லாமல் வெளியேறலாகாது. தனிநபர் விவரங்களை அவரவர் சம்மதத்தின் பேரிலோ சட்டம் அனுமதிக்கும் காரியங்களுக்காகவோதான் கையாள வேண்டும் என்பது 2023-ல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கோட்பாடும் ஆகும்.

இரண்டாவதாக, புதிய கணக்கோ அறையோ தொடங்கிய அன்றே அதன் இயல்பான ஏற்பாடுகளைச் சரிபார்க்க வேண்டும். பின்தொடர்வோரைப் பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு உண்டா, பழைய பேச்சை எவர் படிக்கலாம், பூட்டு உண்டா, இணைப்பு முகவரிக்குக் காலாவதி நாள் உண்டா என்ற நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்பது நலம்.

மூன்றாவதாக, பதவிக் காலம் முடிந்த குழுவினரும், விலகிய ஊழியரும் அறைகளிலும் கோப்புப் பகிர்விலும் தொடர்ந்து இருக்கின்றனரா என்று பொறுப்பு மாறும் பொழுதெல்லாம் பார்த்து நீக்க வேண்டும். அலுவலகச் சாவியைத் திரும்பப் பெறுகிறோம். இந்தச் சாவியையும் அவ்வாறே பெறுதல் வேண்டும்.

நான்காவதாக, சேவையகத்தின் மென்பொருளைக் காலந்தோறும் புதிய பதிப்புக்கு மாற்றும் பொறுப்பு எவருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மேலே கண்ட பிக்சல்ஃபெட் பிழை, புதிய பதிப்பை ஏற்ற சேவையகங்களில் நீங்கியது, ஏற்காதவற்றில் நீங்கவில்லை.

இறுதியாக, அந்தரங்கத்தின் பெயரால் பொதுவாக இருக்க வேண்டியதை மூடிவைப்பதும் ஒரு குற்றமே என்பதை மறக்கலாகாது. கூட்டுறவு இயக்கம் வளர்வது திறந்த கணக்கினால். ஐந்தொகையைப் பூட்டிய அறையில் வைத்துவிட்டு, அங்கத்தினரின் கடன் பட்டியலை இணைப்பு முகவரியாகச் சுற்றுக்கு விடும் சங்கம் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறது. நிர்வாகத்தின் செயல் அங்கத்தினருக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும். அங்கத்தினரின் சொந்த விஷயம் வெளியாரிடமிருந்து காக்கப்படுதல் வேண்டும். எந்தப் பொத்தானையும் அழுத்துமுன் இவ்விரண்டில் எதனைச் செய்கிறோம் என்று கேட்டுக்கொள்வதே முதற் கடமை.

கூட்டிணைப்பு முறை ஒரு தனி நிறுவனத்தின் தயவை நாடாமல் நம் காரியத்தை நாமே நடத்திக்கொள்ள வழி வகுக்கிறது. அச்சுதந்திரத்தை மதித்து, அதன் எல்லையையும் அறிந்து கையாளுவோமாக. அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், 'சங்கத்தின் விவரங்களுள் எவை பொது, எவை தனி' என்ற ஒரு பொருளைச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் தத்தம் காரியதரிசியைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.